பட்டறைக் கத்தி தாங்காது என்பவர்களுக்கு

கோலார் தங்கவயலில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: பட்டறையில் அடித்த கத்தி இளநீர் சீவத்தான் லாயக்கு, விறகு பிளக்கவும், தைலமரக் கிளை கழிக்கவும், எலும்பு வெட்டவும் கம்பெனிக் கத்திதான் தாங்கும். பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள், ஆன்லைனில் வரவழைத்த பளபளக்கும் எவர்சில்வர் கத்தியைக் காட்டி இதைச் சொல்கிறார்கள். காரணங்களும் வைத்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் பழைய லாரி இரும்பை அடிக்கிறார், கத்தி துருப்பிடிக்கிறது, வாய் மடங்குகிறது, ஒன்று போல் இன்னொன்று இல்லை, தரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

வேறு ஊரில் சொன்னால் கடந்து போயிருப்பேன். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்ட இங்கே கால் வைத்த காலத்தில் பாறையைத் துளைத்தது கொல்லர் உலையில் கூராக்கிய எஃகுக் கம்பிதான். எஃகையே தின்றுவிடும் குவார்ட்ஸ் பாறை இது. கார்பைடு முனை வருவதற்கு முந்தைய காலத்தில், முனை மழுங்கிய கம்பிகள் உலைக்குத் திரும்பி, அடிபட்டு, தோய்ச்சல் பெற்று மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கின. பதம் குறைந்தால் முனை நசுங்கும், மிகுந்தால் உடையும். அந்தப் பதத்தைப் பார்த்தது கொல்லரின் கண். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குள் இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. உலைக்காரரின் கைப்பதத்தை நம்பித் தொடங்கிய ஊரில், கைப்பதத்தை நம்ப முடியாது என்ற பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் லாரி இரும்பு. 'பழைய இரும்பு' என்றதும் மட்டம் என்று நினைத்துவிடுகிறோம். லாரியின் ஸ்பிரிங் பட்டை பல டன் பாரத்தில் வளைந்து நிமிர்வதற்கென்றே உருக்கிய எஃகு. கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். வகைக்கு ஏற்ப சிலிக்கானோ மாங்கனீசோ குரோமியமோ சேர்த்திருப்பார்கள். அடி தாங்கும் கத்திக்கு வேண்டிய குணமும் இதுவே. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் நேபாளத்துக் குக்ரிக்கும் இந்தப் பட்டை பயன்படுவது தற்செயல் அல்ல. மலிவான எவர்சில்வர் கத்திகள் பலவற்றில் கார்பன் இதைவிடக் குறைவு.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வருடக்கணக்கில் ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். தோய்ச்சலின்போதும் விரிசல் விழலாம். அதைக் கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை. கத்தியை மண்ணெண்ணெயில் நனைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைப் பூசி வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் சற்று நேரத்தில் கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு வரும். கோடு வந்தால் அந்தக் கத்தி வேண்டாம். பட்டறைக்காரர் சிலர் ஸ்பிரிங் பட்டை என்று சொல்லிச் சாதா இரும்பை அடித்துத் தருவதும் உண்டு. சாணை பிடிக்கும்போது பொறியைப் பாருங்கள். சாதா இரும்பின் பொறி நீளக் கோடாக ஓடும். கார்பன் உள்ள எஃகின் பொறி நுனியில் கிளை கிளையாக வெடிக்கும்.

துருவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கார்பன் எஃகு துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் தீர்ந்தது. கடலோரத்தில் மீன் வெட்டுகிறவர் எவர்சில்வர் கேட்டால் நியாயம். தங்கவயலின் வறண்ட காற்றில் அது பெரிய காரணமே அல்ல.

வாய் மடங்குகிறது என்பதுதான் எல்லோரும் பெரிதாகச் சொல்லும் குறை. பெரிய தவறான புரிதலும் இங்கேதான் இருக்கிறது. கடினம் கூடக் கூடக் கத்தி நல்லது என்று நம்புகிறார்கள். ராக்வெல் அளவில் 60-க்கு மேல் என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் மயங்கிவிடுகிறார்கள். மெல்லிய சமையல் கத்திக்கு அந்த எண் பொருந்தும். முடிச்சு விழுந்த புளியங்கட்டையில் ஓங்கி இறங்கும் கத்திக்கு 55 முதல் 58 வரை போதும். அதற்கு மேல் போனால் வாய் பல் பல்லாக உதிரும் அபாயம் கூடும். இலேசாக மடங்கிய வாயைக் கல்லில் இழுத்து நிமிர்த்திக்கொள்ளலாம். உதிர்ந்த வாய்க்கு அந்த ஆழம் வரை முழுக் கத்தியையும் தேய்க்க வேண்டும்.

இந்த நடுநிலையைப் பட்டறையில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். கத்தியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்துவார். முதுகில் சூடு அப்படியே நிற்கும். வெளியே எடுத்து, மணலிலோ கல்லிலோ வாயைத் தேய்த்து வெள்ளை காட்டுவார். இப்போது முதுகின் சூடு வாயை நோக்கி இறங்க, தேய்த்த இடத்தில் நிறம் ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். மஞ்சள் என்றால் ஏறக்குறைய 220 டிகிரி, நீலம் என்றால் 300. வாய் பழுப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில் இருக்கும் நொடியில் மறுபடி அமிழ்த்துவார். விட்டால் சில நொடியில் பதம் போய்விடும். இதில் கிடைப்பது கெட்டியான வாயும் வளைந்து கொடுக்கும் முதுகும். ஒரே சூளையில் ஒரே சீராகப் பதம் ஏற்றிய மலிவுக் கத்தியில் இந்த வேறுபாடு இருக்காது.

சரி, பட்டறைக்காரர் அந்த நொடியைத் தவறவிட்டிருந்தால்? ஓர் அரம் எடுத்துக்கொண்டு போங்கள். முதுகில் அரம் நன்றாகப் பிடிக்க வேண்டும். வாயில் வழுக்கிக்கொண்டே இலேசாகப் பிடிக்க வேண்டும். வாயிலும் வெண்ணெயாகப் பிடித்தால் பதம் ஏறவில்லை. கண்ணாடியில் வழுக்குவதுபோல் முழுக்க வழுக்கினால் உதிரும் கத்தி அது.

கையால் அடித்ததற்கு அளவுகோல் இல்லை என்பதும் தவறு. அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் 1976-ல் தொடங்கியது. அதன் முதற்படித் தேர்வில், தேர்வுக்கு வருபவர் தன் கையால் அடித்த ஒரே கத்தியால் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பிறகு கட்டையை இரண்டு முறை வெட்டித் துண்டிக்க வேண்டும். அதன் பிறகும் அந்த வாய் கைமயிரைச் சிரைக்க வேண்டும். கடைசியில் கிடுக்கியில் வைத்து 90 டிகிரி வளைத்தாலும் கத்தி முறியக் கூடாது. வரிசையைக் கவனியுங்கள். சிரைப்பது வெட்டிய பிறகு. நம் பிள்ளைகள் பெட்டியைப் பிரித்ததும் காகிதத்தை அறுத்துக் காட்டுகிறார்களே, அதில் தெரிவது சாணை பிடித்தவரின் திறமை மட்டும். சாதா இரும்பும் ஒரு தடவை காகிதம் அறுக்கும். காய்ந்த கட்டையில் நூறு வெட்டு வெட்டிவிட்டு, வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடமும் மடங்கிய இடமும் வெள்ளையாக மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

தென்னிந்தியாவின் பழைய ஊட்ஸ் எஃகின் புகழைச் சொல்லி இன்றைய பட்டறைக் கத்தியை உயர்த்துகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அது கார்பன் மிகுந்த வேறு எஃகு. எம்.ஜி. மார்க்கெட்டில் நம் கைக்கு வரும் கத்தியை அதன் வாயை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

தடிமன் கூடினால் பலம் கூடும் என்ற நம்பிக்கையும் இரு தரப்பிலும் இருக்கிறது. பட்டையை அப்படியே தடிமனாக விட்டு நுனிவரை ஒரே கனத்தில் அடித்த கத்தி, மரத்தில் இறங்காமல் மேலேயே முட்டி நிற்கும். கையும் சீக்கிரம் ஓயும். முதுகு பிடியருகே கனமாகத் தொடங்கி நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். இதைச் சம்மட்டியால் இழுத்து அடிக்கத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

பிடியில் மட்டும் நம் பட்டறைகளைக் குறை சொல்வேன். கடின வேலையில் முதலில் போவது பெரும்பாலும் பிடிதான். கூராக்கிய குட்டை இரும்பை மரப்பிடிக்குள் அடித்து இறக்கி, ஒரு பூண் மாட்டி விட்டுவிடுகிறார்கள். மரம் காய்ந்து சுருங்கியதும் ஆடத் தொடங்கும். ஓங்கும்போது கத்தி பிடியிலிருந்து கழன்று பறந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. கத்தி இரும்பே பிடியின் கடைசிவரை ஓடி, இருபுறமும் மரம் வைத்து மூன்று ஆணி அடித்துத் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடக் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.