குதிரைக் காலில் கட்டிய கனம்

வாசல் நிலைக்கு நடுவே நின்று, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, புறங்கைகளால் நிலையின் இரு பக்கங்களையும் ஒரு நிமிஷ நேரம் பலமாக வெளியே தள்ளிப் பாருங்கள். பிறகு சட்டென்று முன்னே நகர்ந்து கைகளைத் தளர விடுங்கள். நீங்கள் உயர்த்தாமலே கைகள் மெல்ல மேலே எழும்பும்! குழந்தைகளுக்கு இது நல்ல வேடிக்கை. கோன்ஸ்டாம் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1915-ம் வருஷத்தில் இதைப் பற்றி எழுதினார். எதிர்ப்பு நீங்கிய பின்னும் உடல் அந்த எதிர்ப்பை மறப்பதில்லை என்பதே இதன் சாரம்.

இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க ஓர் உபாயத்தைக் குதிரைப் பழக்குகிறவர்களும் கண்டுபிடித்தார்கள். தடை தாண்டப் பழகும் குதிரையின் காலில் ஈயத் துண்டு வைத்துத் தைத்த கவசங்களைக் கட்டுவார்கள். கனம் உள்ள காலைத் தூக்கக் குதிரை அதிகமாக முயலும். கவசத்தை அவிழ்த்த பிறகும் சற்று நேரம் அதே முயற்சி தொடரும். லேசான கால் வழக்கத்தைவிட உயரமாக எழும்பும்.

இவ்வளவு பாடு எதற்காக? தாண்டல் போட்டியில் ஒரு கட்டை கீழே விழுந்தால் நான்கு புள்ளி தண்டம். ஒலிம்பிக் போட்டியில் தடைகள் 1.60 மீட்டர், அதாவது ஐந்தே கால் அடி அளவுக்கும் உயர்ந்திருக்கும். கட்டைகள் இறுகக் கட்டப்பட்டவை அல்ல. ஆழமில்லாத கிண்ணங்களில் சும்மா வைக்கப்பட்டவை. குளம்பு சற்றே பலமாக உரசினாலும் உருண்டுவிடும். தன் பின்கால்கள் கட்டைக்கு மேலே செல்வதைக் குதிரை பார்க்க முடியாது. உணர்ச்சியாலும் பழக்கத்தாலுமே அவற்றை மடக்க வேண்டும். ஆகவே பின்காலை இரண்டு அங்குலம் அதிகமாகத் தூக்க வைத்தால் பரிசு கைக்கு வந்துவிடும் என்ற ஆசை பிறக்கிறது.

ஆனால் இதற்கு விலை கொடுப்பது யார்? நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் வீட்டுப் பெண்மணிகளிடம் கேட்டால் சொல்வார்கள். பாரம் உடலிலிருந்து விலக விலக உழைப்புப் பெருகுகிறது. முதுகில் பொருட்படுத்தாத அரைக் கிலோவைக் காலின் நுனியில் கட்டினால் குதிரை அதை ஒவ்வோர் அடியிலும் வீசி எடுக்க வேண்டும். வீசிய காலை நிறுத்தவும் வேண்டும். முன்காலில் முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பும், கயிறு போன்ற தசைநாண்களுமே உண்டு. தடையைத் தாண்டித் தரையில் இறங்கும்போது முதல் அதிர்ச்சியை ஒரு முன்காலே தாங்குகிறது. அங்கே தசைநாண் அறுபட்டால் ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். ஆறினாலும் பழைய உறுதி முழுதும் திரும்புவது அரிது.

இதையெல்லாம் உணர்ந்துதான் சர்வதேசக் குதிரைச் சவாரிச் சம்மேளனம் கட்டுப்பாடு விதித்தது. 1921-ல் பிறந்த இந்தச் சபையின் விதிப்படி, தாண்டல் போட்டியில் லாடம் நீங்கலாக ஒரு காலில் கட்டும் சாதனங்களின் மொத்தக் கனம் 500 கிராமுக்கு மேற்படக் கூடாது. இறுக்கியும் அழுத்தியும் பின்கால்களை உதற வைக்கும் கவசங்களும் இருந்தன அல்லவா? படிப்படியாக வந்த தடை, 2021 ஜனவரி முதல் எல்லாச் சர்வதேசத் தாண்டல் போட்டிகளுக்கும் பொருந்துவதாயிற்று. பின்கால் கவசத்தின் உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். நீளம் 16 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

கனத்தோடு நின்றவர்களைப் புண்ணியவான்கள் என்றே சொல்லலாம். குதிரை தாண்டும் சமயம் கட்டையை உயர்த்திக் காலில் அடித்துப் பயமுறுத்துவதும் ஒரு முறையாக இருந்தது. 1990-ல் இது ஜெர்மனியில் வெளிப்பட்டுப் பெரும் கண்டனத்தை எழுப்பியது. 2008 ஒலிம்பிக்கின் சவாரிப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, நான்கு தாண்டல் குதிரைகளின் உடலில் மிளகாயின் காரப் பொருளான காப்ஸைசின் இருந்தது தெரியவந்தது. அது வலிக்கு மருந்தாகவும் பயன்படும். காலில் தடவினால் கட்டை பட்டதும் எரியும் என்பதற்காகவும் பயன்படும். எந்தக் காரணமாயினும் விதி விதிதான். நார்வே குழு தன் வெண்கலப் பதக்கத்தை இழந்தது. அது ஸ்விட்சர்லாந்துக்குப் போயிற்று.

கனம் எப்போதும் தீயது என்று சொல்லிவிடவும் கூடாது. நோயிலிருந்து தேறிவரும் குதிரைக்கு, மிருக வைத்தியர் பார்வையில், நடையில் மட்டும், சில நிமிஷங்கள் லேசான பட்டை கட்டிப் பின்காலின் தசைகளை வலுப்படுத்துவது உண்டு. வைத்தியரின் அளவு வேறு, பந்தயக்காரரின் அவசரம் வேறு.

நல்ல வழி இல்லாமலா போயிற்று? தரையோடு ஒட்டிய தாழ்ந்த கட்டைகளை வரிசையாக வைத்து நடக்கவும் ஓடவும் பழக்குவார்கள். சரிவுகளில் ஏற்றி இறக்குவார்கள். சிறிய தடைகளின் இடைவெளியை மாற்றி மாற்றி வைப்பார்கள். மாதக்கணக்கில் செய்தால் குதிரை தூரத்தைத் தானே கணிக்கக் கற்கிறது. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி பெடரிகோ காப்ரில்லி 1907-ல் இறப்பதற்கு முன் உலகுக்குக் கற்பித்த பாடமும் இதுவே: தாண்டும்போது சவாரி செய்கிறவன் முன்சாய்ந்து, குதிரையின் முதுகுக்கும் கழுத்துக்கும் சுதந்திரம் தர வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை நெருங்கும்போது இரட்டிப்புப் பாடம் சுமத்தி, ஒரு வாரத்தில் பையனை உயரத் தூக்கிவிடலாமென்று நானும் ஒரு காலத்தில் நம்பியதுண்டு. பரீட்சையில் தூக்கத்தான் செய்தது. அடுத்த மாதம் கேட்டால் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. குதிரையின் காலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையன்களின் முகங்கள் நினைவுக்கு வருகின்றன.