ஆஹென் கோயிலும் நம் பெருமையும்

நம்மவர்களுக்கு ஒரு வசனம் மனப்பாடம்: "நாம் கோயில் கட்டிய காலத்தில் வெள்ளைக்காரன் காட்டில் திரிந்தான்." மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

கணக்கைத்தான் பார்ப்போமே. ராஜசிம்ம பல்லவன் காஞ்சி கைலாசநாதர் கோயிலை எழுப்பியது 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஜெர்மனியின் ஆஹென் நகரில் சார்லமேன் மன்னன் தன் அரண்மனைக் கோயிலுக்கு வேலை தொடங்கிவிட்டான். எட்டுப் பட்டை மண்டபம், மேலே கல்லால் குவிமாடம். தூண்கள் ரோமிலிருந்தும் ரவென்னாவிலிருந்தும் வந்தன. காட்டில் திரிகிறவன் செய்கிற காரியமா இது? நாம் சுமார் நூறு வருஷம் மூத்தவர்கள், வாஸ்தவம். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் மீசை முறுக்குவது?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. கட்டியதைக் காப்பாற்றியவன் யார்?

ஆஹென்காரரும் அந்தக் கோயிலைச் சும்மா விட்டுவைக்கவில்லை. 1414-இல் கிழக்கே உயர்ந்த கண்ணாடிச் சன்னல்களோடு ஒரு மண்டபம் கட்டி முடித்தார்கள். 1794-இல் பிரெஞ்சுக்காரர் தூண்களைப் பெயர்த்துப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். எல்லாம் திரும்பி வரவில்லை. பிற்பாடு சுவர்களுக்குப் பளிங்கும் ஒட்டினார்கள். ஆனால் எது மன்னன் காலத்துக் கல், எது பின்னால் வந்தது என்பதற்கு எழுத்தில் கணக்கு இருக்கிறது. 1978-இல் யுனெஸ்கோ முதன்முதலாகப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு இடங்களில் அதுவும் ஒன்று.

நாம்? திருப்பணி என்ற பெயரில் எத்தனையோ கோயில்களில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுவரைச் சுரண்டினோம். கல் பளிச்சென்று ஆயிற்று, கல்வெட்டு மொட்டையாயிற்று. ஒரு கிராமத்தின் ஏரி, நிலம், தானம் எல்லாவற்றுக்கும் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

மூக்கண்டப்பள்ளியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் ஜெர்மன் யந்திரம் என்றால் தனி மரியாதை. எண்ணெய் போட்டது எப்போது, உறுப்பு மாற்றியது எப்போது என்று அதற்கு நோட்டுப் புத்தகம் உண்டு. ஊர்க் கோயிலில் எந்தக் கல்லை எடுத்தோம், எதை வைத்தோம் என்று எழுதிவைக்கிறவர் எத்தனை பேர்?

ஜெர்மானியனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றால் ரோஷம் வருகிறதோ? வேண்டாம். 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கருங்கல்லால் புதுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் செய்தாள். இது பழங்கல்லின் படி என்ற குறிப்போடு. அந்தப் பெண்மணியின் புத்தியில் பாதி இருந்தால் போதும். பெருமையைப் பிறகு பேசலாம்.