சம்பளமில்லாப் பயிற்சியாளர்களும் நம்பி ஒப்படைக்கப்படும் மகள்களும்

மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பும் ஒருவர், அவளைக் கல்லூரியிடம் அமானிதமாகவே ஒப்படைக்கிறார். அந்த அமானிதத்தை அன்றாடம் சுமப்பவர் யார், அவருக்குக் கல்லூரி என்ன கொடுக்கிறது என்று கேட்க மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். இந்த மறதியின் விலையை அறிய, அமெரிக்காவின் சிறு கல்லூரிகளிலுள்ள பெண்கள் சாஃப்ட்பால் அணிகளைப் பார்த்தால் போதும்.

சாஃப்ட்பால் 1887ஆம் ஆண்டு சிகாகோவில் பிறந்த, பேஸ்பாலை ஒத்த விளையாட்டு. பந்தெறியும் பெண் 43 அடி தொலைவிலிருந்து, கையை முழு வட்டமாகச் சுழற்றிக் கீழிருந்து எறிய வேண்டும். தோளுக்கு இது பெருஞ்சுமை. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் நடப்பதும் வழக்கம். ஆயினும், இத்தனை பந்துகளுக்கு மேல் எறியக்கூடாது என்ற வரம்பு கல்லூரிப் போட்டி விதிகளில் இல்லை. "போதும், ஓய்வெடு" என்று சொல்ல வேண்டியவர் பயிற்சியாளரே. எனவே, அணியில் தகுதியான பயிற்சியாளர் இருக்கிறாரா என்பது வெற்றி தோல்வியைப் பற்றிய கேள்வி அன்று. ஒரு பெண்ணின் உடல்நலத்தைப் பற்றிய கேள்வி.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அவற்றுள் பல சிறியவை. அங்கே விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. பல கல்லூரிகளில் முழுநேர ஊழியராகத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரே இருப்பார். பந்தெறியும் முறையைக் கற்பிப்பவரும் மட்டை வீச்சைத் திருத்துபவரும் பகுதிநேரத்தவராகவோ, சம்பளமே பெறாத தன்னார்வலராகவோ இருப்பர். பகலில் வேறு வேலை, மாலையில் மைதானம், வார இறுதியில் நீண்ட பேருந்துப் பயணம் என்பதே அவர்களின் வாழ்க்கை.

"சிறிய கல்லூரி, பணத்திற்கு எங்கே போவது?" என்கின்றனர் நிர்வாகிகள். இந்த வாதம் நிற்காது. மாணவர் சேர்க்கை குறைந்து தவிக்கும் சிறு தனியார் கல்லூரிகள் பல, விளையாட்டு அணிகளைக் கொண்டே இடங்களை நிரப்புகின்றன. ஊர் ஊராகச் சென்று வீராங்கனைகளைத் தேடி அழைத்து வருபவர் பயிற்சியாளர். கட்டணம் சேர்வது கல்லூரிக் கருவூலத்தில். வருவாயைக் கொண்டுவரும் கைக்குக் கூலி கொடுக்கும்போது மட்டும் வறுமை நினைவுக்கு வருவது என்ன நியாயம்?

"ஆர்வத்தால்தானே வருகிறார்கள்" என்பது அடுத்த வாதம். ஆர்வம் ஊதியத்திற்கு ஈடாகாது. சம்பளமின்றிப் பல ஆண்டுகள் உழைக்க வசதியுள்ளவர்தாம் இத்துறையில் நிலைக்க முடியும். மற்றவர், குறிப்பாகக் குடும்பப் பொறுப்புள்ள பெண்கள், விலகிவிடுகின்றனர். 1972இல் 'டைட்டில் நைன்' சட்டம் வந்தபோது, பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெண்களே பயிற்றுவித்தனர். இன்றோ அது பாதிக்கும் குறைவு. பெண்கள் அணிகள் பெருகின. அவற்றை வழிநடத்தும் பெண்கள் குறைந்தனர். இதற்குக் காரணங்கள் பல உண்டு. கூலியற்ற உழைப்பும் அவற்றுள் ஒன்று என்பதை மறுக்க இயலாது.

அணி ஒன்று இருந்தாலே சட்டம் நிறைவேறிவிட்டது என்று எண்ணுவதும் பிழை. அச்சட்டத்தின் கீழ் 1975இல் வகுக்கப்பட்ட விதிகள், சமவாய்ப்பை அளவிடும்போது பயிற்சி பெறும் வாய்ப்பையும், பயிற்சியாளர்களின் நியமனத்தையும் ஊதியத்தையும் கருத்தில் கொள்ளச் சொல்கின்றன. முதல் பிரிவுக் கல்லூரிகளில் தன்னார்வப் பயிற்சியாளர் என்ற தனிவகையே 2023இல் நீக்கப்பட்டது. செல்வமுள்ள பிரிவில் முறையற்றது எனக் கைவிடப்பட்ட ஒன்று, சிறு கல்லூரிகளில் மட்டும் எப்படி முறையாகும்?

இதில் பெற்றோரின் கைகள் வெறுங்கைகள் அல்ல. அரசு நிதியுதவி பெறும் கல்லூரிகள் ஆண்டுதோறும் தங்கள் பயிற்சியாளர்களின் எண்ணிக்கையையும் சராசரி ஊதியத்தையும் அமெரிக்கக் கல்வித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்விவரம் எவரும் காணத் திறந்தே கிடக்கிறது. மகளைச் சேர்க்கும் முன் அதனைப் படியுங்கள். விடுதியையும் உணவையும் விசாரிக்கும் அதே வாயால், "இவளுக்குப் பயிற்சி அளிப்பவர் யார்? அவருக்குச் சம்பளம் உண்டா?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரி, அமானிதத்தை ஏற்கத் தகுதியுள்ளதுதானா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.