நடுறதுக்கு ஆள் வருது, வாய்க்கால் வெட்டவும் வரட்டும்

கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் காலேஜ் பஸ் வருவது கூடிவிட்டது. முத்துப்பேட்டை, ஜாம்பவானோடை, தொண்டியக்காடு என்று கடலோரமாக வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். ஒரே நிறத்தில் பனியன், தொப்பி, கையில் பேனர். படகில் ஏறி உள்ளே போய், முழங்கால் சேற்றில் இறங்கி அலையாத்திக் கன்று நட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

டீக்கடையில் இதைப் பற்றி ஒரே பேச்சுதான். "போட்டோ எடுக்கத்தானே வர்றாங்க, வேற என்னத்துக்கு?" என்பார்கள். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு கிடையாது. சேற்றில் கால் வைத்தால் செருப்பு போகும், சிப்பி கிழிக்கும், கொசு பிடுங்கும். அதெல்லாம் தெரிந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வருகிற பிள்ளையைக் கிண்டல் பண்ண நமக்கு என்ன யோக்கியதை இருக்கு? நம்ம ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் காட்டுக்குள்ளே போயிருக்காங்க?

என் குறை பிள்ளைகள் மேலே இல்லை, அவர்களுக்கு வேலை கொடுக்கிறவர்கள் மேலே. சேறும் தண்ணியும் தெரிந்த விவசாயி என்கிற உரிமையில் சொல்கிறேன்.

கடலோரக் காட்டுக்கும் நெல் விவசாயிக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர் நண்பர்கள் கேட்கலாம். நாங்கள் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-இல் கதவைத் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேருவது எல்லாருக்கும் கடைசியில்தான். எங்களையும் தாண்டி வடிகிற தண்ணீர் கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கியாறு வழியாகப் போய் முத்துப்பேட்டை காயலில் விழுகிறது. அந்தக் காயலைச் சுற்றி நிற்பதுதான் அலையாத்திக் காடு. ஆக, எங்கள் வயல் வடிகாலுக்குக் கடைசி வாசல் அது. அந்தப் பக்கம் கடல் உள்ளே ஏறினால் இந்தப் பக்கம் எங்கள் கிணறு கரிக்கும். என் மூணு மா நிலத்தில் ஒரு மூலையில் நெல் சாவியாகப் போவது எதனால் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் காடு எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். 2018 நவம்பர் 16 விடிகாலை அடித்த காற்றுக்கு அலையாத்தியே தாங்கவில்லை. இலை உதிர்ந்து, கிளை முறிந்து, நெருப்பு வைத்த மாதிரி காடு பழுப்பாக நின்றது. எங்கள் தென்னையும் சேர்ந்துதான் போனது. காற்றை இந்த மரம் தடுக்காது, தண்ணீரின் வேகத்தைத்தான் குறைக்கும். வேர் மண்ணைப் பிடித்து நிறுத்தும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிச்சாவரம் பக்கம் நடந்தது பலருக்கும் தெரியும். கடலுக்கு நேராக இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அடிபட்டது, காட்டுக்குப் பின்னால் உள்வாங்கி இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அதற்கு மேடும் தூரமும்கூட ஒரு காரணம், காடு மட்டுமே இல்லை. இருந்தாலும் காடு இருப்பது நமக்கு லாபம்தான். இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கிற இடமும் அதுவே.

சரி, அந்தக் காடு ஏன் அழிந்தது? வெட்டினார்கள், அதனால் அழிந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது பாதிக் கதை. வெட்டின இடத்தில் மறுபடி ஏன் முளைக்கவில்லை என்பதுதான் மீதிக் கதை.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970-கள் வரைக்கும் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, முறை போட்டு மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது. காய்ந்த களி இறுகி உள்வாங்கி, நடுவில் தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த கடல் தண்ணி வெளியேற வழியில்லாமல் குழியில் நின்று வற்றும். உப்பு மட்டும் தங்கும். அடுத்த ஓதத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. இப்படியே ஏறி, உப்பைத் தின்று வளர்கிற மரமே நிற்க முடியாத அளவுக்கு மண் கெட்டுப்போனது. உமிரி மட்டும் சிவப்பாகப் படர்ந்திருக்கும், மற்றபடி பொட்டல்.

இதைக் கேட்டதும் டெல்டா விவசாயிக்கு உடனே ஒன்று தோன்றும். "வடிகால் இல்லை." அவ்வளவுதான் விஷயம். வடியாத வயலில் எந்த ரகத்தை நட்டால் என்ன?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் செய்த வேலையின் அடிப்படையும் இதுதான். ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மேலே இருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி. ஓதத்தில் தண்ணி உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும், போகும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். வாய்க்கால் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். கன்றை வாய்க்காலுக்குள்ளும் வைக்காமல், மேட்டிலும் வைக்காமல், சரிவின் நடுவில் வைப்பார்கள். ஓதத் தண்ணி தினமும் வந்து தொட்டுவிட்டுப் போகிற உயரம் அது. நம்ம கடற்கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் கம்மி. அதனால் நாலு விரல் மேடு பள்ளம்கூட ஒரு கன்றைப் பிழைக்க வைக்கும், அல்லது சாகடிக்கும். பரம்படித்து வயலைச் சமன் பண்ணத் தெரிந்தவனுக்கு இது புரியும். பேனர் பிடிக்கிறவருக்குப் புரியுமா தெரியவில்லை.

முத்துப்பேட்டை மீனவர்களுக்கு வாய்க்கால் ஒன்றும் புதுசு இல்லை. காட்டுக்குள்ளே வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு வருகிற மீனைப் பிடிக்கிற வழக்கம் அவர்களிடம் ரொம்ப நாளாக உண்டு. மீனுக்காகத்தான் தூர் வாருகிறார்கள். ஆனால் அந்த வாய்க்கால் கரையில் மரம் தழைத்து நிற்கும். எங்களுக்குத் தெரிந்த மீன்பிடிக்கிற அண்ணன் ஒருத்தர் சொல்வார்: "தண்ணி ஓடுச்சுன்னா மரம் தானா வரும் தம்பி. நீ ஏன் அதைத் தூக்கிக்கிட்டு அலையுறே?"

அது உண்மைதான். இங்கே பெரும்பாலும் நிற்பது வெண்கண்டல். அதன் காய் மொச்சையளவுதான் இருக்கும். மரத்திலேயே உள்ளுக்குள் முளை கட்டித் தயாராகி, உதிர்ந்து, தண்ணியில் மிதந்து போய் ஏற்ற இடத்தில் ஒதுங்கிக்கொள்ளும். தாய் மரம் பக்கத்தில் இருந்து, தண்ணி ஓட்டமும் இருந்தால் நாம் நட வேண்டிய அவசியமே பல இடங்களில் கிடையாது. ஆனால் விழாவுக்கு அது தோதுப்படாது. மொச்சையைக் கையில் வைத்துக்கொண்டு யார் போட்டோ எடுப்பார்கள்? அதனால்தான் எங்கே பார்த்தாலும் சுரபுன்னைக் காயைக் கொண்டுவந்து குத்துகிறார்கள். முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும், சேற்றில் செருகினால் நிற்கும், வரிசையும் அழகாகத் தெரியும். சுரபுன்னை நல்ல மரம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஓடைக் கரையில், தண்ணி எப்போதும் தொடுகிற இடத்தில் நன்றாக வரும். உள்ளே பொட்டலில் கொண்டுபோய்க் குத்தினால் கோடைக்குள் குச்சியாகிவிடும்.

நாள் பார்ப்பது இன்னொரு கூத்து. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், ஜூலை 26 உலக அலையாத்தி நாள். இரண்டு நாளும் கூட்டம் வருகிறது. உலகத்துக்கு அது சரியாக இருக்கலாம். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூலையில் காயலில் ஆற்றுத் தண்ணி பேருக்குத்தான் இருக்கும், வருஷத்திலேயே உப்பு அதிகமாக இருக்கிற பருவம் அது. அந்த நேரத்தில் கொண்டுபோய்க் கன்று நடுகிறோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னது மேட்டு நிலத்துக்கு, அலையாத்திக்கு இல்லை சாமி. கோடையில் வாய்க்கால் வெட்டி, அடைமழை உப்பைக் கழுவின பிறகு நடுவதுதான் முறை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலேஜ் பிள்ளைகள் ஜூலையில் நட்ட இடத்தை மறு தையில் போய்ப் பார்த்தேன். மிச்சம் இருந்ததைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். கட்டி வைத்த மூங்கில் குச்சியும், கன்று வந்த பிளாஸ்டிக் பையும் நிறைய கிடந்தன. நட்ட பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவார்கள். ஆனால் தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இலங்கையில் சுனாமிக்குப் பிறகு இதேபோலக் கடலோரமெல்லாம் நட்டார்கள். ஆயிரம் ஹெக்டேருக்கு மேல். உலகமே பணம் கொடுத்தது. சில வருஷம் கழித்து அங்கே உள்ள ஆய்வாளர்கள் 23 இடங்களில் போய்ப் பார்த்தார்கள். 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. மொத்தத்தில் தேறினது ஐந்தில் ஒரு பங்குதான். காரணம் எல்லாம் நம்ம காரணம்தான்: தப்பான இடம், தப்பான உயரம், மாடு மேய்ந்தது, நட்ட பிறகு யாரும் எட்டிப் பார்க்காதது. பணமும் ஆளும் குறைவாக இருந்ததால் நடந்த தோல்வி இல்லை அது. 2017-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அதற்குப் பிறகும் நாம் கன்று எண்ணிக்கையைத்தான் பேனரில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது 2023-இலிருந்து மத்திய அரசின் மிஷ்டி திட்டம் ஓடுகிறது, மாநில அரசும் தன் பங்குக்கு அலையாத்தி வளர்க்கிறது. நல்லதுதான். அதனால் பிள்ளைகள் இன்னும் நிறைய வருவார்கள். வரட்டும். ஆனால் கையில் கன்றுக்கு முன்னால் மண்வெட்டியைக் கொடுங்கள்.

இருபது வயசுப் பிள்ளைகள் ஐம்பது பேர் ஒரு நாள் முழுக்கச் சின்ன வாய்க்காலில் தூர் வாரினால், அது ஆயிரம் கன்று நடுவதைவிடப் பெரிய உதவி. வெட்டின வாய்க்கால் சில வருஷத்தில் தூர்ந்துவிடும். அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கி ஆள் விட்டால்தான் உண்டு, பல இடத்தில் அது நடப்பதில்லை. காட்டுக்குள்ளே சிக்கிக் கிடக்கிற நரம்பு வலையையும் பிளாஸ்டிக்கையும் பிய்த்து எடுப்பது இன்னொரு வேலை. மூச்சு வேர் பென்சில் மாதிரி மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேலே பிளாஸ்டிக் படிந்தால் மரம் மூச்சு முட்டிச் சாகும். பிறகு உப்பு அளக்கிற கருவி ஒன்று சின்னதாகக் கிடைக்கிறது. சயின்ஸ் படிக்கிற பிள்ளைகள் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் மண் ஈரத்தின் உப்பை அளந்து எழுதி வைத்தால், எங்கே நடலாம் எங்கே கூடாது என்று ஊருக்கே தெரியும்.

முக்கியமாக, நட்டவர்களே அடுத்த வருஷம் வந்து எண்ண வேண்டும். இந்த வருஷம் முதலாம் ஆண்டு படிக்கிற பிள்ளை நட்டால், மூணாம் ஆண்டில் வந்து எத்தனை நிற்கிறது என்று பார்க்கட்டும். சான்றிதழை அன்றைக்குக் கொடுங்கள். இதைச் சொன்னபோது கூட வந்த பேராசிரியர் ஒருவர், "மாணவர்களை மறுபடி அழைச்சுட்டு வர அனுமதி, பஸ்ஸு எல்லாம் கஷ்டம் ஐயா" என்றார். கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாற்று நட்டுவிட்டுக் களை எடுக்கவும் அறுக்கவும் வராத விவசாயியை ஊரில் என்ன சொல்வார்கள்?

நம்ம பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் காலேஜ்காரர்களை மட்டும் குத்தினதாக ஆகிவிடும். அலையாத்திக்கு வெறும் கடல் தண்ணி போதாது, ஆற்றுத் தண்ணியும் வேண்டும். அந்தத் தண்ணி நம்ம வடிகாலில்தான் போகிறது. அந்த வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடக்கிறது. கரையை வெட்டி வயலோடு சேர்த்துக்கொண்ட ஆட்கள் நம்ம ஊரிலேயே இருக்கிறார்கள், பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். மழையில் நம்ம வயல் மூழ்குவதற்கும் கோடையில் அங்கே காடு காய்வதற்கும் ஒரே அடைப்புதான் காரணம். பிள்ளைகள் கடலோரம் வருகிற அதே வாரத்தில் நாம் ஊர்க்கூட்டம் போட்டு வடிகாலில் இறங்கினால் என்ன?

வருகிற சித்திரை, வைகாசியில் வர நினைக்கிற காலேஜ், பள்ளிக்கூடப் பசுமைப் படைக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். மீன்பிடிக்கிறவர்களில் இரண்டு பேரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள், ஓதம் ஏறுகிற நேரம் அவர்களுக்குத்தான் தெரியும். விடிகாலையிலேயே ஜாம்பவானோடை படகுத்துறைக்கு வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் ஆளைச் சாய்த்துவிடும். பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ரப்பர் செருப்பு சேற்றில் நிற்காது. குடிதண்ணி கேனில் கொண்டுவாருங்கள், பாட்டிலில் வேண்டாம். மண்வெட்டியும் பாண்டும் நீங்கள் சுமந்துகொண்டு வர வேண்டாம், எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு இருக்கிறது, நான் கேட்டு வாங்கித் தருகிறேன்.