நாள் தெரியாத சாவுகளுக்கு ஒரு நாள் வேண்டும்

மலேசியாவில் தேசிய நினைவு நாள்களைக் குறிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப் போகப்பட்டுத் திரும்பி வராத ஒருவரின் பேத்தி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தாத்தாவுக்குத் திதி கிடையாது. எந்த மாதம் போனார், காலராவிலா, மலேரியாவிலா, அடிபட்டா, ஒன்றும் தெரியாது. 1943இல் ஜப்பான்காரன் தோட்டத்துக்கு லாரி கொண்டுவந்தான், மூன்று மாத வேலை என்றான், தோட்டத்து எழுத்தர் கிராணி பெயர் எழுதினார், அத்தோடு சரி. தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படைக்கும்போது அவருக்கும் ஒரு வேட்டி, ஒரு துண்டு, இரண்டு சுருட்டு வைப்போம். பாட்டி மட்டும் அந்தப் பக்கமே வரமாட்டார். "செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு வந்து சொன்னா?" என்பார். தாலியைக் கழற்றாமலே பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கினார். தாலியோடுதான் போய்ச் சேர்ந்தார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல என்பது உங்களுக்குத் தெரியும். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே இந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானிய ராணுவம் 1942, 43இல் போட்டு முடித்தது. வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். மாண்டவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ கைதிகளைப் போல் மூன்று மடங்கு. அவர்களில் மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெருந்தொகை.

கைதிகளின் சாவுக்குச் சரியான கணக்கும் எங்கள் சாவுக்கு வெறும் கணிப்பும் இருப்பது ஏன்? கைதிகள் தங்கள் தோழர்களின் பெயர்ப்பட்டியலை உயிரைப் பணயம் வைத்து ஒளித்துக் காத்தார்கள். போர் முடிந்த கையோடு ஒரு குழு பாதை நெடுகப் போய்ப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரி மயானத்தில் இன்று கைதிகளின் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு ஏப்ரல் 25 விடியற்காலையிலும் அந்தப் பாதையிலுள்ள ஹெல்ஃபயர் பாஸில் ஆஸ்திரேலியர்கள் கூடி நின்று தங்கள் ஆட்களை நினைக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. தன் பிள்ளையைத் தேடிப் போன நாடு அது. எங்களைத் தேடி எந்த நாடு போனது?

பணம் மட்டும் வந்து போயிருக்கிறது. போருக்குப் பின் பிரிட்டன் அந்தப் பாதையைத் தாய்லாந்துக்கு 12.5 லட்சம் பவுனுக்கு விற்றது. ஜப்பான் பெயர்த்தெடுத்துப் போன தண்டவாளத்துக்கும் தளவாடத்துக்கும் அந்தப் பணம் ஈடாயிற்று. 1967இல் ஜப்பானோடு செய்துகொண்ட உடன்பாட்டில் நம் நாட்டுக்கு 2.5 கோடி வெள்ளி மதிப்பில் இரண்டு கப்பல்கள் கிடைத்தன. தண்டவாளத்துக்கு விலை போட்டார்கள். கப்பலை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தார்கள். சிலிப்பர்க் கட்டை சுமந்து செத்தவன் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1944இல் ஜப்பானிய ராணுவமே குவாய் பாலத்துக்கு அருகில் கட்டிய நினைவுத்தூணில் தமிழிலும் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். கொன்றவனுக்கே ஒரு வரி எழுதத் தோன்றியது. 2023இல் தாய்லாந்துத் தமிழர்கள் முன்னின்று காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுப்பினார்கள். ஆள் அனுப்பிய நாடு நம்முடையது; கல் நட்டதோ அடுத்த நாட்டில் பிழைக்கப் போனவர்கள்.

பழைய பதிவு ஏதும் உண்டா என்று ஓர் அலுவலகத்தில் நானும் கேட்டுப் பார்த்தேன். சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்த பெண், "தாத்தா ராணுவத்துல இருந்தாரா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். இல்லை என்றதும் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார். ஜூலை 31 வீரர் தினம் சீருடை போட்டவர்களுக்கு உரியது, அது சரிதான். கோவணத்தோடு சேற்றில் நின்றவர்களுக்கு எந்த நாள்?

நான் கேட்பது இரண்டு. முதலாவது, நாட்காட்டியில் ஒரு தேதி. போனவர்களில் மலாய்க்காரர்கள், சீனர்கள், ஜாவாக்காரர்களும் உண்டு. ஆகவே அமாவாசை கேட்கவில்லை, எல்லோருக்கும் பொதுவான ஒரு நாள் கேட்கிறேன். அக்டோபர் 17 மட்டும் வேண்டாம். இரு பக்கத்துத் தண்டவாளத்தையும் ஜப்பான்காரன் இணைத்து முடித்த நாள் அது. இரண்டாவது, பெயர்ப் பதிவு. தோட்டத்தில் ஆள் கணக்கெழுதிய செக்ரோல் புத்தகங்கள் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கின்றனவோ அங்கெல்லாம் தேடுங்கள். வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அப்பன் முகம் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கே எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்களும் போய்விட்டால் பெயர் சொல்லவும் ஆளிருக்காது.

பணமோ சிலையோ கேட்கவில்லை. பெருஞ்செலவாகும் என்று நீங்கள் சொல்ல வழியில்லை. தேதியைக் குறித்து எழுதுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
திரும்பி வராத ஒருவரின் பேத்தி