யந்திரம் ஜாதியை ஒழிக்குமா?

சாக்கடைக் குழிக்குள் இனி மனிதன் இறங்க வேண்டியதில்லை, யந்திரம் வந்துவிட்டது, ஆகவே இந்த வேலைக்கென்று ஒரு ஜாதி என்கின்ற பேச்சே நாட்டில் இராது என்று சில நண்பர்கள் சந்தோஷப்படுகின்றார்கள். 2018ஆம் வருஷம் கேரள வாலிபர்கள் செய்த யந்திரம் ஒன்று திருவனந்தபுரத்தில் குழிக்குள் கைவிட்டுக் கசடை அள்ளிக் காட்டிற்று. அதற்குப் பெருச்சாளியின் பெயரை வைத்திருக்கின்றார்கள். அந்த வாலிபர்களை நாமும் மனமார வாழ்த்துகின்றோம்.

நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. மனிதன் மாடாய் உழைப்பதே புண்ணியம் என்று சொல்லி ராட்டினத்தைக் கையில் கொடுத்தவர்களோடு நமது இயக்கம் வாதாடியதை வாசகர்கள் அறிவார்கள். கம்பியில்லாத தந்தி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் என்று பெரியார் இனிவரும் உலகத்தைப் பற்றிச் சொன்னார். இன்று அது எல்லார் பையிலும் இருக்கின்றது. ஆனால் அதைத் திறந்து என்ன பார்க்கின்றார்கள்? ராகுகாலம் பார்க்கின்றார்கள், ஜாதி வாரியாக மாப்பிள்ளை தேடுகின்றார்கள்! 2023 ஜூலையில் சந்திரனுக்குக் கலம் அனுப்பிய விஞ்ஞானிகளே அதன் சிறு உருவத்தைத் திருப்பதிக்கு எடுத்துச் சென்று பூஜை செய்தார்கள் என்றால், பாமர ஜனங்களை மட்டும் குறை சொல்லுவானேன்? கருவி வந்துவிட்டது, புத்தி வரவில்லை.

யந்திரம் தானாகவே ஜாதியை ஒழித்துவிடும் என்ற நம்பிக்கை புதிதல்ல. ரயிலும் அதன் பின்னே தொழிற்சாலையும் வந்தால் பிறப்பால் தொழில் பிரிக்கும் ஏற்பாடு இந்தியாவில் கரைந்துபோகும் என்று காரல் மார்க்ஸ் 1853லேயே எழுதினார். 1879இல் நமது புதுச்சேரிக்கும் ரயில் வந்தது. வந்து என்ன ஆயிற்று? எல்லாரும் ஒரே வண்டியில் ஏறினார்கள். ஸ்டேஷனில் இறங்கினால் சிற்றுண்டிச் சாலையில் பார்ப்பனருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம்! தென்னாட்டு ரயில்களில் இந்த வெட்கக்கேடு 1941 வரை நடந்தது. அதை ஒழித்தது நீராவியா? அல்ல, சுயமரியாதைக்காரர்களின் ஓயாத கிளர்ச்சியே ஆகும். அது மாத்திரமா? ரயில் கக்கூஸிலிருந்து தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ள, மேல்ஜாதியாரில் ஒருவரையாவது கூப்பிட்டார்களா?

நமது ஊர் ஆலைகளையே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே நூற்பு யந்திரங்கள் ஓடின. யந்திரம் மனிதனுக்கு ஓய்வு கொடுக்கும் என்பது மெய்யானால், நமது தொழிலாளிகள் எட்டு மணி நேர வேலைக்காக ஏன் போராட வேண்டும்? 1936 ஜூலை 30ஆம் தேதி பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிக்குப் பன்னிரண்டு பேர் ஏன் பலியாக வேண்டும்? அந்த இரத்தத்துக்குப் பிறகுதான் 1937இல் தொழிலாளர் சட்டம் வந்தது. ஓய்வைக் கொடுத்தது யந்திரம் அல்ல. யந்திரத்தின் முன் நின்ற மனிதனின் மானம்.

இனி சாக்கடை விஷயத்துக்கு வருவோம். மனிதனைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். குழியில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023இல் முப்பது லட்சமாக்கிற்று. சட்டம் இருக்கின்றது, யந்திரம் இருக்கின்றது, பணமும் இருக்கின்றது. இவ்வளவு இருந்தும் மனிதன் இறங்குவானேன்? அவன் உயிர் யந்திரத்தின் வாடகையைவிட மலிவு என்று நினைப்பதால்தான். அதை மலிவாக்கியது எது? ஜாதி. சாக்கடை, மலக்குழி வேலை செய்வோரில் சுமார் 38,000 பேரை மத்திய சர்க்கார் கணக்கெடுத்து 2024இல் வெளிவந்த விவரப்படி, நூற்றுக்கு ஏறக்குறைய 69 பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பார். நாளைக்கு யந்திரத்தின் பொத்தானை அழுத்துவதும் அவர்கள் பிள்ளைகளே என்றால் மாறியது கருவியே தவிர, மனு அல்ல.

"எங்கள் வீட்டுக்கு இதனால் என்ன?" என்று கேட்போர் 2024 ஜூன் 11ஆம் தேதியை நினைத்துப் பார்க்கட்டும். நமது ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கக்கூஸ் வழியாக ஏறி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் உள்பட மூவரைக் கொன்றது. குழாயில் ஒரு வளைவு வைத்து அதில் தண்ணீர் தேங்கவிட்டால் வாயு மேலே வராது என்கின்ற வித்தை 1775லேயே இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்டது. இருநூற்றைம்பது வருஷ அறிவு! அது வீடுதோறும் இருக்கின்றதா என்று பார்ப்பதற்கு வேண்டியது புதிய விஞ்ஞானம் அல்ல, பொறுப்பு. சாக்கடை என்பது "அவர்கள்" காரியம் என்று முகம் சுளித்துத் திரும்பிக்கொள்ளும் சமூகத்துக்கு அந்தப் பொறுப்பு எப்படி வரும்?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். யந்திரம் வரட்டும், ஊருக்கு ஒன்றல்ல, வட்டத்துக்கு ஒன்று வரட்டும். ஆனால் அதைக் கண்டிராக்டர் கையில் விடாமல், இதுவரை இறங்கியவர்களுக்கே உடைமையாக்கட்டும். வேலை செய்வோருக்கு நிரந்தர உத்தியோகமும் என்ஜினீயர் மரியாதையும் தரட்டும். அவர்கள் பிள்ளைகள் வேறு எந்தத் தொழிலுக்கும் போகப் படிப்புச் செலவை சர்க்கார் ஏற்கட்டும். பிறகு அந்த உத்தியோகத்துக்கு எல்லா ஜாதியாரையும் அழைத்து விளம்பரம் செய்து பார்க்கட்டும். மேல்ஜாதி வாலிபர்கள் மனுப்போட்டு வரிசையில் நிற்கும் நாளில், யந்திரம் ஜாதியை ஒழித்தது என்று நாமே இந்தப் பத்தியில் எழுதுவோம்.

அதுவரையில் குழியைச் சுத்தம் செய்ய யந்திரம் போதும். மனதைச் சுத்தம் செய்ய மனிதன்தான் இறங்க வேண்டும்.