நாக்கைக் குளிர வைத்தால் குறட்டை நிற்குமா? 'ஸ்லீப் ஆப்னியா'வுக்கு வரும் புது சிகிச்சை!

குறட்டை திடீர்னு நின்னு, மூச்சுத் திணறி எழுகிறீர்களா? அது 'ஸ்லீப் ஆப்னியா'வாக இருக்கலாம். உடல் பருமன் உள்ளவர்களுக்கு நாக்கின் அடிப்பகுதியிலும் கொழுப்பு சேரும். தூங்கும்போது நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும்.

என்ன தீர்வு?

ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் அறிமுகப்படுத்திய 'சிபாப்' கருவிதான் இன்றும் முதல் சிகிச்சை. காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும். ஆனா, ராத்திரி முழுக்க மாஸ்க் மாட்ட முடியாம பலர் பாதியிலேயே விட்டுடுறாங்க.

குளிர் என்ன செய்யும்?

மற்ற திசுக்களைவிட கொழுப்பு செல்கள் குளிரால் சீக்கிரம் அழியும். இதை வைத்து, நாக்கின் அடிப்பகுதியைக் குளிர்வித்து கொழுப்பைக் குறைக்கும் முறையை அமெரிக்காவின் கிரையோசா நிறுவனம் நோயாளிகளிடம் பரிசோதித்து வருகிறது.

எனவே, வீட்டில் ஐஸ் கட்டி வைத்துப் பார்க்காதீங்க. புது சிகிச்சை வரட்டும்னு மாஸ்க்கையும் கழற்றிடாதீங்க. சிகிச்சை இல்லாத ஆப்னியா ரத்த அழுத்தம், பக்கவாதம் வரை கொண்டுபோகலாம்.